வேலையும் விலையும்: மிதிவண்டி வீரரின் இதயத் துடிப்பு

நெடுந்தூர மிதிவண்டி வீரரின் பயிற்சியில் நாள்தோறும் பார்க்கப்படும் அளவுகள் இரண்டு. கிராங்கிலோ பெடலிலோ பொருத்திய கருவி வாட் கணக்கில் காட்டும் திறன் ஒன்று; மார்பில் கட்டிய பட்டை, நிமிடத்துக்கு இத்தனை என்று காட்டும் இதயத் துடிப்பு வீதம் மற்றொன்று. முதலாவது, வீரர் செய்த வேலையைச் சொல்கிறது. இரண்டாவது, அந்த வேலைக்கு அவருடைய உடல் அன்றைக்குக் கொடுத்த விலையைச் சொல்கிறது. சந்தையில் ஒரே காய்க்கு நாளுக்கொரு விலை சொல்லப்படுவதைப் போல, 250 வாட் என்ற அதே வேலைக்கு ஒரே வீரரின் இதயம் ஒரு நாள் 138 துடிப்பையும் இன்னொரு நாள் 147 துடிப்பையும் கேட்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தை அளவீட்டின் குறை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. செய்தியே அதில்தான் இருக்கிறது என்று கண்டவர்களும் உண்டு. உலகத்தர வீரர்களின் பயிற்சியில் இதயத் துடிப்பு இடம்பிடித்து, இடமிழந்து, மீண்டும் வந்து சேர்ந்த வரலாறு இவ்விரு கருத்துகளுக்கும் இடையில் நடந்தது.

துடிப்பு ஏன் உழைப்பின் அளவுகோலாகக் கருதப்பட்டது என்பதற்கான அடிப்படையை 1870இல் ஜெர்மானிய உடலியலாளர் அடோல்ஃப் ஃபிக் வகுத்துவிட்டார். உடல் ஒரு நிமிடத்தில் ஏற்கும் ஆக்சிஜனின் அளவு, இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவையும், தமனிக் குருதிக்கும் சிரைக் குருதிக்கும் இடையிலான ஆக்சிஜன் வேறுபாட்டையும் பெருக்கினால் கிடைப்பது என்பதே அவர் கண்ட விதி. இதயம் வெளியேற்றும் குருதியின் அளவோ, துடிப்பு வீதத்தையும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதியின் அளவையும் பெருக்கினால் வருவது. பயிற்சியில்லாத இளைஞர் ஒருவரின் இதயம் உச்ச உழைப்பில் நிமிடத்துக்கு 200 முறை துடித்து, துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் வீதம் 20 லிட்டர் குருதியை அனுப்புகிறது என்று கொண்டால், உலகத்தர மிதிவண்டி வீரரின் இதயம் 190 முறை துடித்து, துடிப்புக்கு 200 மில்லிலிட்டர் வீதம் 38 லிட்டரை அனுப்பக்கூடும். இங்கே கவனிக்கத்தக்கது, பயிற்சி உச்சத் துடிப்பை உயர்த்துவதில்லை என்பது. ஆண்டுக்கணக்கான பயிற்சியில் அது சற்றே குறையவும் செய்கிறது. வீரருடைய இதயத்தின் மேன்மை பெரும்பாலும் இடது கீழறையின் கொள்ளளவிலும், அது விரிந்து நிரம்பும் வேகத்திலும், உடலில் ஓடும் குருதியின் மொத்த அளவிலும் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒருவருடைய உச்சத் துடிப்பு 180, மற்றவருடையது 200 என்பதை வைத்து யார் சிறந்த வீரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

துடிப்புக்கு அதிகக் குருதியை அனுப்பும் இதயத்துக்கு ஓய்வில் வேலை குறைவு. ஓய்விலுள்ள உடலுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு குருதி போதும் என்பதால், பொதுவான ஒருவருக்கு 70 துடிப்புகளில் முடியும் காரியம், வீரருக்கு 40 துடிப்புகளில் முடிந்துவிடுகிறது. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ஸ்பெயின் வீரர் மிகேல் இந்துராயினின் ஓய்வுத் துடிப்பு 28 என்று செய்திகளில் பலமுறை எழுதப்பட்டது. இத்தகைய பெரிய இதயம் நோயின் அடையாளமோ என்ற ஐயம் மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. ஸ்வீடன் மருத்துவர் சாலமன் ஹென்ஷன், எக்ஸ்ரே வசதியை நாடாமல் மார்பை விரலால் தட்டி எழும் ஒலியைக் கொண்டே பனிச்சறுக்கு வீரர்களின் இதயம் பெருத்திருப்பதைக் கணித்து, 1899இல் அதைப் பதிவு செய்தார். அந்தப் பெருக்கம் இயல்பானது, பயனுள்ளது என்ற அவருடைய முடிவு பிற்பாடு சரியென்று தெரிந்தது. குறைந்த ஓய்வுத் துடிப்புக்குக் காரணம் வேகஸ் நரம்பின் அடக்கும் செயல் கூடியிருப்பதே என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2014இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற எலிகளில் நரம்புகளின் செயலைத் தடுத்த பின்னும் துடிப்பு குறைவாகவே இருப்பதைக் காட்டினர். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் அயனிகள் நுழையும் வாயில்களாக உள்ள ஒருவகைப் புரதமே குறைந்துவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை.

உழைப்பின் நடுவே துடிப்பை அளப்பது 1970கள் வரை எளிதாக இருக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கழுத்தில் விரல் வைத்து எண்ணினால், எண்ணி முடிப்பதற்குள் பயிற்சி பெற்ற இதயம் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் இறங்கிவிடும். ஃபின்லாந்தின் ஊலு நகரில் பேராசிரியராக இருந்த செப்போ சாய்நாயாகங்காஸ் 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் கம்பியில்லா இதயத் துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்புப் பட்டை செய்யும் வேலை நுட்பமானது என்றாலும் புரிந்துகொள்ள எளிது. கீழறைகள் சுருங்குவதற்குச் சற்று முன் எழும் மின்னலையின் கூரிய முகட்டைப் பட்டையிலுள்ள மின்முனைகள் தோலின் வழியே பிடிக்கின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 400 மில்லி விநாடி கழிந்தால், நிமிடத்துக்கு 150 துடிப்பு என்று கைக்கடிகாரத்தில் எண் தெரிகிறது. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சிக் குருதியோட்டத்தைப் பார்த்து எண்ணும் இன்றைய கடிகாரங்கள், ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து அதிரும் சாலையில் செல்பவரிடம் அடிக்கடி தடுமாறுவதால், தொழில்முறை வீரர்கள் இன்னும் மார்புப் பட்டையையே கட்டுகிறார்கள்.

புதிய கருவிக்குப் புகழ் சேர்த்த நிகழ்ச்சி 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் நடந்தது. ஒரு மணி நேரத்தில் யார் அதிகத் தூரம் ஓட்டுகிறார் என்னும் சாதனையில், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் அதே நகரில் ஓட்டிய 49.431 கிலோமீட்டரை இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 19ஆம் தேதி 50.808 கிலோமீட்டராகவும், நான்கு நாள் கழித்து 51.151 கிலோமீட்டராகவும் உயர்த்தினார். அவருடைய பயிற்சியை வகுத்த குழுவின் தலைவர், ஃபெராரா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்செஸ்கோ கோன்கோனி. வேகம் படிப்படியாகக் கூடும்போது துடிப்பும் நேர்கோட்டில் கூடிச் சென்று, ஓரிடத்தில் கோடு வளைந்து சாய்கிறது என்றும், கடும் உழைப்பில் தசைகளில் உண்டாகும் லாக்டேட் குருதியில் தேங்கத் தொடங்கும் எல்லையை ஊசி குத்தாமலே அந்த வளைவு காட்டிவிடுகிறது என்றும் 1982இல் அவர் குழு எழுதியிருந்தது. ஐரோப்பாவெங்கும் பயிற்சியாளர்கள் கோன்கோனி சோதனையைக் கையிலெடுத்தனர். ஆனால் பிற ஆய்வகங்கள் மீண்டும் செய்து பார்த்தபோது, பலரிடம் அந்த வளைவு தென்படவில்லை. தென்பட்டவர்களிடமும் லாக்டேட் எல்லையோடு அது எப்போதும் பொருந்தவில்லை. மோசரின் வெற்றிக்குத் தட்டுச் சக்கரங்களும், மெக்சிகோ நகரின் அடர்த்தி குறைந்த காற்றும், அக்காலத்தில் தடைசெய்யப்படாதிருந்த குருதியேற்றமும் துணைநின்றன என்பதை (கடைசியானதை மோசரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்) சேர்த்துப் பார்த்தால், துடிப்பு மானிக்கு அன்று கிடைத்த புகழில் பாதி கடன் வாங்கியது என்றே சொல்ல வேண்டும்.

பொதுமக்களிடம் பரவியிருக்கும் சூத்திரம் ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்பது உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. இது தனியான ஆய்வொன்றிலிருந்து பிறந்ததன்று. வெவ்வேறு தரவுகளைத் தொகுத்த 1971ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், கண்மதிப்பாகப் போடப்பட்ட கோடு. பெருந்தரவைக் கொண்டு 2001இல் ஹிரோஃபூமி தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் தந்த சூத்திரம், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அதுவும் சராசரிதான், தனிமனிதர் அதிலிருந்து பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருப்பது சாதாரணம். இரண்டு மூன்று துடிப்பு வேறுபாட்டை வைத்துப் பயிற்சியை மாற்றும் வீரருக்கு இத்தகைய சூத்திரம் எதற்கும் உதவாது. அவர் தம் உச்சத்தை ஆய்வகத்திலோ நீண்ட மேட்டுச் சாலையிலோ, அதுவும் மிதிவண்டியிலேயே, அளந்துகொள்ள வேண்டும். காலால் ஓடும்போது கிடைக்கும் உச்சம் பெரும்பாலும் சில துடிப்புகள் கூடுதலாக இருக்கும்.

உச்சத்தைவிடப் பயனுள்ளவை, இடையிலுள்ள இரண்டு எல்லைகள். உழைப்பு கூடிக்கொண்டே போகும்போது, பேச்சுத் தடைபடாத மூச்சிலிருந்து சற்றே வேகமான மூச்சுக்கு உடல் மாறும் இடம் முதல் எல்லை. இரைப்பு கட்டுமீறி, லாக்டேட் உண்டாகும் வேகத்துக்கு உடலால் அதை அகற்ற முடியாமற் போகும் இடம் இரண்டாம் எல்லை. இவ்விரு எல்லைகளிலும் துடிப்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் குறித்துக்கொண்டால், வீரரின் உழைப்பை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கலாம். ஸ்பெயின் உடலியலாளர் அலெஹாந்த்ரோ லூசியாவும் அவருடைய குழுவினரும் இம்முறையில் டூர் டி பிரான்ஸ் வீரர்களின் துடிப்பை நாள்தோறும் பதிந்து 1999இல் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. உலகின் மிகக் கடினமான பந்தயம் என்று பெயர்பெற்ற அந்த மூன்று வாரங்களில், மொத்த நேரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தை வீரர்கள் முதல் எல்லைக்குக் கீழேயே கழித்திருந்தனர். இரண்டாம் எல்லைக்கு மேலே கழிந்த நேரம் 10 சதவீதத்துக்கும் குறைவு. பந்தயத்தின் தலைவிதி அந்தச் சிறு பகுதியில் தீர்மானமாகிறது என்பது உண்மை; எனினும் அந்தச் சிறு பகுதியில் எழும்பத் தேவையான வலிமையை மீதி நேரத்தில் செலவழிக்காமல் வைத்திருப்பதற்கே பெரும் உடல்தகுதி தேவைப்படுகிறது.

நார்வேயின் ஆக்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அமெரிக்கர் ஸ்டீஃபன் சைலர், படகு வலித்தல், பனிச்சறுக்கு, மிதிவண்டி எனப் பல துறைகளின் முன்னணி வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் முதல் எல்லைக்குக் கீழேயே இருப்பதைக் கண்டார். பொழுதுபோக்காக ஓட்டுபவர்கள் இதற்கு நேர்மாறாக, எளிய நாளில் சற்றே கடுமையாகவும் கடுமையான நாளில் சற்றே எளிதாகவும் ஓட்டி, இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். துடிப்பு மானிக்குச் சிறந்த வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. விரட்டுவதற்கு அது பயன்படாது. அடக்கி வைப்பதற்கு அதைப்போல வேறொன்றில்லை. 30 விநாடி முழு வேகத்தில் மிதித்து ஓயும் பயிற்சியில், இதயம் உழைப்பைப் பின்தொடர்ந்து மேலேறுவதற்குள் உழைப்பு முடிந்துபோகிறது. துடிப்பு உச்சத்தைத் தொடும்போது வீரர் இளைப்பாறத் தொடங்கியிருப்பார். நான்கு மணி நேர எளிய ஓட்டத்திலோ, முன்னே செல்லும் தோழரைத் துரத்தும் ஆசை எழும்போதெல்லாம், 135ஐத் தாண்டாதே என்று மானி ஒலியெழுப்பி நிறுத்துகிறது.

பயிற்சிச் சுமையை ஒரே எண்ணாகச் சுருக்கும் முயற்சியும் துடிப்பிலிருந்தே பிறந்தது. கனடாவில் எரிக் பேனிஸ்டர் 1970களில் தொடங்கிவைத்த கணக்கு, உழைத்த நேரத்தோடு துடிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதையும் பெருக்கி, உயர்ந்த துடிப்புக்கு மேலும் மேலும் கூடுதலான எடை தந்தது. லூசியாவின் குழு அதை எளிமையாக்கி, முதல் மண்டலத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3 என்று மதிப்பெண் வைத்தது. நான்கு மணி நேரப் பந்தயத்தில் 180 நிமிடம் முதல் மண்டலத்திலும், 45 இரண்டாவதிலும், 15 மூன்றாவதிலும் கழிந்தால், 180, 90, 45 சேர்ந்து சுமை 315.

இதற்கிடையே 1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர், கிராங்கின் நுண்ணிய வளைவை அளந்து திறனைக் கணிக்கும் எஸ்ஆர்எம் கருவியை உருவாக்கினார். பிறகு படிப்படியாகத் திறன் அளவி தொழில்முறை அணிகளின் வண்டிகளில் ஏறியது. துடிப்பு பழைய காலத்து அளவுகோல் என்ற பேச்சும் எழுந்தது. வெப்பம், தூக்கமின்மை, காபி, கடல்மட்டத்திலிருந்து உயரம், பந்தயப் பதற்றம் என்று எதற்கும் அசையும் எண்ணை நம்புவதைவிட, எதற்கும் அசையாத வாட்டை நம்புவது மேல் என்பது அப்படிப் பேசியவர்களின் வாதம். வாதம் பாதி சரி. அசையாத ஒன்று கையில் கிடைத்த பின்புதான் அசைவதன் பொருளைப் படிக்க முடிந்தது என்பது மறுபாதி.

நீண்ட ஓட்டம் ஒன்றை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். வீரர் 220 வாட்டை நான்கு மணி நேரம் மாற்றாமல் வைத்திருக்கிறார். முதல் இரண்டு மணி நேரத்தில் சராசரித் துடிப்பு 134, அடுத்த இரண்டு மணி நேரத்தில் 143. வியர்வையால் பிளாஸ்மா, அதாவது குருதியின் நீர்ப்பகுதி, குறைகிறது. உடலைக் குளிரச் செய்யத் தோலை நோக்கியும் குருதி திரும்புகிறது. உடல் வெப்பமும் ஏறுகிறது. துடிப்புக்கு வெளியேறும் குருதி குறைவதால், அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. துடிப்பு ஒன்றுக்கு வாட் எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், முற்பாதியில் 1.64, பிற்பாதியில் 1.54, வீழ்ச்சி ஏறத்தாழ 6 சதவீதம். இந்த வீழ்ச்சி 5 சதவீதத்துக்குள் அடங்கினால் அந்த உழைப்புக்கான அடித்தளம் உறுதியாகிவிட்டது என்பது பயிற்சியாளர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டியவருக்கு இக்கணக்கைப் பொருத்துவது தவறு என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

துடிப்பு ஏறுவதைப் படிப்பது எளிது. இறங்குவதைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சென்ற மாதம் 300 வாட்டுக்கு 165 ஆக இருந்த துடிப்பு இம்மாதம் 158 என்றால், இதயம் வலுப்பெற்றுவிட்டது என்று மகிழத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அளவுக்கு மீறிய பயிற்சியால் களைத்த உடலிலும் துடிப்பு இறங்குகிறது. பிரான்சில் யான் லெ மூரும் குழுவினரும் மும்முறைப் போட்டி (டிரையத்லான்) வீரர்களைத் திட்டமிட்டே அதிகப் பயிற்சிக்கு உட்படுத்தியபோது, களைத்தவர்களின் துடிப்பு உழைப்பின் எல்லாப் படிகளிலும் குறைந்திருந்தது. கூடவே அவர்களின் செயல்திறனும் குறைந்திருந்தது. அட்ரினலின் போன்ற முடுக்கும் சுரப்புகள் குறைவதும், அவற்றுக்கு இதயம் செவிசாய்க்கும் தன்மை மங்குவதும் காரணங்கள் எனக் கருதப்படுகிறது. மூன்று வாரப் பந்தயத்தின் கடைசி நாள்களில், எவ்வளவு முயன்றும் துடிப்பு மேலேறவில்லை என்று வீரர்கள் முறையிடுவது இதனால்தான். ஒரே எண்ணுக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள் இருக்கும்போது, எண்ணை மட்டும் பார்ப்பவர் எதையும் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ராபர்ட் லாம்பர்ட்ஸ் வகுத்த சோதனை, பயிற்சிக்கு முந்தைய உடல்சூடேற்றும் நேரத்திலேயே முடிந்துவிடுவது. வழக்கமாகத் திறனை நிலையாக வைத்துத் துடிப்பைப் பார்ப்பார்கள். இவர் தலைகீழாக்கி, துடிப்பை நிலையாக வைத்துத் திறனைப் பார்த்தார். உச்சத் துடிப்பில் 60 சதவீதத்தில் 6 நிமிடம், 80 சதவீதத்தில் 6 நிமிடம், 90 சதவீதத்தில் 3 நிமிடம் மிதித்து, பிறகு பெடலை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த 60 விநாடியில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிரமம் எவ்வளவு என்று வீரரே போர்க் அளவுகோலில் எண்ணாகச் சொல்வார். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அந்த அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடிவது, 60 முதல் 200 வரையான துடிப்பை ஒட்டி அமைக்கப்பட்டதால்தான். மூன்று செய்திகளும் சேரும்போது பொருள் தெளிகிறது. 90 சதவீதத் துடிப்பில் வாட் கூடி, சிரமம் மாறாமல், துடிப்பு விரைந்து இறங்கினால் அது முன்னேற்றம். வாட் கூடியும் துடிப்பு விரைந்து இறங்கியும், சிரமம் மட்டும் ஏறியிருந்தால் அது களைப்பு. அத்துடிப்பை எட்டுவதற்கே வீரர் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கிறது என்பதே அங்கே வாட் கூடியதன் காரணம். தாழ்ந்த படிகளில் துடிப்பு நாளுக்கு நாள் அதிகம் ஊசலாடுவதும், 90 சதவீதத்துக்கு அருகில் ஊசலாட்டம் குறைவதும் தெரிந்தே, கடைசிப் படி அங்கே வைக்கப்பட்டது.

உழைப்பில்லாத நேரத்திலும் இதயம் செய்தி தருகிறது. ஓய்வில் அடுத்தடுத்த துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருப்பதில்லை. 1,200 மில்லி விநாடி, 1,260, 1,190 என்று ஊசலாடும். உடலை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்புகள் வலுவாகச் செயல்பட்டால் ஊசலாட்டம் மிகும்; உடல் நெருக்கடியில் இருந்தால் குறையும். காலையில் எழுந்தவுடன் இதை அளந்து, வழக்கமான வரம்புக்குள் இருந்தால் அன்று கடும் பயிற்சி, இல்லையேல் எளிய பயிற்சி என்று முடிவெடுக்கும் முறையை ஃபின்லாந்தில் அன்டி கிவினியெமி குழு 2007இல் ஓட்டப் பயிற்சியில் சோதித்தது. ஸ்பெயினில் நன்கு பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர்களிடம் ஹாவலோயெஸ் குழு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைப் பின்பற்றியவர்களின் உச்சத் திறனும் 40 நிமிடத் தனியோட்டத் திறனும் கூடின. குழுக்கள் சிறியவை, முடிவு ஊக்கம் தருவது என்ற அளவில் கொள்ளலாம். உலகத்தர வீரர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓய்வுத் துடிப்பு மிகவும் தாழ்ந்துவிட்ட இதயத்தில் எதிர்ப்பரிவு நரம்புகளின் பிடி நிரம்பிவிடுவதால், உடல் நல்ல நிலையில் இருக்கும்போதே ஊசலாட்டம் குறையக்கூடும். அதனால் ஒருநாள் எண்ணை விட்டு, ஏழுநாள் சராசரியைப் பார்ப்பதே இன்றைய வழக்கம்.

இதயம் தரும் செய்தி சில வேளை எச்சரிக்கையாகவும் இருக்கும். பல ஆண்டுகள் கடுமையாக நெடுந்தூரம் பயின்ற ஆண்களிடம், மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. உலக மிதிவண்டிச் சங்கம் தொழில்முறை வீரர்களுக்கு விதித்துள்ள மருத்துவக் கண்காணிப்பில் இசிஜியும் இதயத்தின் எதிரொலிப் படமும் அடங்கும். தம் மானியில், உழைப்போடு தொடர்பில்லாமல் துடிப்பு திடீரென 200ஐத் தாண்டுவதையோ, தாறுமாறாகத் தாவுவதையோ காண்பவர், முதலில் பட்டையை ஈரப்படுத்தி இறுக்கிக் கட்டிப் பார்க்கட்டும். அதன்பிறகும் அது தொடர்ந்தாலோ, கூடவே தலைசுற்றலோ மார்பு வலியோ இருந்தாலோ, அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தப் பதிவோடு இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.